கடையில் மெத்தை, ஐந்தாவது கிலோமீட்டரில் மரத்த விரல்: ஓடும் ஷூவை எப்படிச் சோதித்து வாங்குவது?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 37 வயது, இரண்டு குழந்தைகள். ஓராண்டாக வாரம் நான்கு நாள் ஓடுகிறேன். மொத்தம் 20 கி.மீ. வரும். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்திலும் பக்கத்துச் சாலைகளிலும்தான் ஓட்டம். 10 கி.மீ. போட்டி ஒன்றுக்குத் தயாராகி வருகிறேன். நான்கு மாதம் முன்பு 5,500 ரூபாய்க்கு ஷூ வாங்கினேன். கல்லூரியில் படித்த காலத்திலிருந்து போடும் 5-ஆம் சைஸ்தான். கடையில் போட்டு நின்றபோது மெத்தைமேல் நிற்பதுபோல் இருந்தது. ஆனால் 5 கி.மீ. தாண்டினால் நடுவிரலும் அதற்கடுத்த விரலும் மரத்துப்போகின்றன. இரண்டு கால்களிலும் இரண்டாவது விரல் நகம் கறுத்துவிட்டது. ஷூவைக் கழற்றினால் பத்து நிமிடத்தில் மரப்பு போய்விடுகிறது. முழங்கால் வலி, கணுக்கால் வலி எதுவும் இல்லை. கடையில் போய்ச் சொன்னேன். டிரெட்மில்லில் ஓடவைத்து வீடியோ எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தட்டைப்பாதம். பாதம் உள்ளே சாய்கிறது. அந்தச் சாய்வைத் தடுக்கும் ஸ்டெபிலிட்டி ஷூதான் போட வேண்டும்" என்று 11,000 ரூபாய் ஷூவைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா? ஒரு ஷூ எனக்குச் சரியாக வருமா என்று நானே பார்த்துத் தெரிந்துகொள்வது எப்படி?
வாசகி, திருநெல்வேலி

பதில்: வாங்க வேண்டாம், குறைந்தபட்சம் அவர்கள் சொல்லும் காரணத்துக்காக வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு தொல்லைகளும் பாதத்தின் உள்வளைவிலிருந்து வருபவை அல்ல. நகம் கறுப்பது பெரும்பாலும் நீளம் போதாததால். விரல் மரப்பது அகலம் போதாததால், அல்லது லேஸ் இறுக்கத்தால். ஸ்டெபிலிட்டி ஷூவும் அதே 5-ஆம் சைஸில், அதே குறுகலான முன்பகுதியோடு வந்தால், இரட்டிப்பு விலை கொடுத்த பிறகும் அதே நகம்தான் கறுக்கும்.

பெருவிரல் நகம் நன்றாக இருக்க, இரண்டாவது விரல் நகம் மட்டும் கறுத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது நல்ல தடயம். பலருக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளம். வெறுங்காலோடு நின்று குனிந்து பாருங்கள், உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கடையில் ஷூவின் நுனியை அழுத்திப் பார்க்கிறவர் பெருவிரலைத்தான் தேடுவார். அதன் முன்னால் இடம் இருந்தால் "சைஸ் கரெக்ட்" என்று சொல்லிவிடுவார். பெரும்பாலான ஷூக்களின் முன்பகுதி பெருவிரல் பக்கம் நீண்டு, சுண்டுவிரல் பக்கம் சரிந்து குறைகிறது. அந்தச் சரிவில்தான் உங்கள் இரண்டாவது விரல் போய் முட்டுகிறது. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் பாதம் ஷூவுக்குள் கொஞ்சம் முன்னே நகரும். நேரம் ஆக ஆக வீங்கவும் செய்யும். 5 கி.மீ. ஓட்டத்தில் ஒவ்வொரு காலும் ஏறக்குறைய மூவாயிரம் முறை தரையில் பதிகிறது. அத்தனை முறை முட்டினால் நகத்தடியில் இரத்தம் கசியத்தான் செய்யும். மேம்பாலம் இறங்கும் சாலையில் ஓடுகிற நாளில் இது இன்னும் மோசமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

மரப்பு விஷயம் வேறு. நடுவிரலுக்கும் நான்காவது விரலுக்கும் உணர்வு தரும் நரம்பு, முன்பாதத்தின் நீண்ட எலும்புகளுக்கு நடுவே புகுந்து வருகிறது. பாதத்தைப் பக்கவாட்டில் நெருக்கினால் அந்த நரம்பு அழுந்தும். மேலிருந்து லேஸை இறுக்கிக் கட்டினாலும் அழுந்தும். கழற்றிய பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்பதால், இப்போதைக்கு நெருக்கம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து அந்தத் தட்டைப்பாத விவகாரம். பாதம் தரையில் பட்டதும் சற்று உள்ளே சாய்வது இயல்பான அசைவு. இறங்கும் வேகத்தை உடல் தாங்கிக்கொள்ளும் வழி அது. எவ்வளவு சாய்ந்தால் தவறு என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் கோடு கிடையாது. அமெரிக்க ராணுவம், விமானப்படை, மரைன் படை மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு குழுவுக்குப் பாத வளைவின் வடிவத்தைப் பார்த்து அதற்கேற்ற ஷூ. இன்னொரு குழுவுக்கு வளைவு எப்படி இருந்தாலும் ஒரே வகை ஷூ. 2009, 2010 ஆண்டுகளில் முடிவுகள் வெளியாயின. காயங்களின் எண்ணிக்கையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஈரக்காலைத் தாளில் பதித்து வளைவைப் பார்ப்பதும், அரை நிமிட டிரெட்மில் வீடியோவும் ஷூவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடாது. ஓராண்டு ஓடியும் உங்களுக்கு முழங்காலிலும் கணுக்காலிலும் வலி இல்லை. இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து? ஸ்டெபிலிட்டி ஷூ கெட்டது என்று சொல்லவில்லை. போட்டு ஓடிப் பார்க்கும்போது அதுவே காலுக்கு இதமாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். அந்த முடிவை வீடியோவிடம் விடாதீர்கள், உங்கள் கால் சொல்லட்டும்.

இதை மனம்போன போக்கில் சொல்லவில்லை. கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக், ஓட்டத்தின் இயக்கவியலைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். ஒருவர் தன் காலுக்கு இதமாகப்படும் ஷூவைத் தேர்ந்தெடுத்தாலே அவர் உடலுக்கு இயல்பான அசைவுப் பாதை குலையாமல் இருக்கும், காயமும் குறையும் என்ற கருத்தை 2015-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்தார்கள். அதற்கு முன்பே படைவீரர்களிடம் ஷூவுக்குள் பாதத்தின் அடியில் வைக்கும் உள்ளட்டைகளில் ஆறு வகை கொடுத்து, இதமானதை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்ன ஆய்வில், உள்ளட்டை போட்டவர்களுக்குக் காயங்கள் குறைந்திருந்தன. வீரர்கள் ஒரே உள்ளட்டையைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒருவருக்கு இதமானது இன்னொருவருக்கு இதமாக இல்லை. தோழி சொன்னார், விமர்சனத்தில் 9 மதிப்பெண் என்பதையெல்லாம் நம்பி வாங்கக்கூடாது என்பது இதனால்தான்.

இதம் வேறு, மென்மை வேறு. உங்கள் ஷூவில் நடந்த ஏமாற்றம் இங்கேதான். நீங்கள் 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கடையில் நிற்கும்போது ஒரு காலுக்கு 30 கிலோ. ஓடும்போது ஒரு கால் மட்டும் தரையில் இருக்கும் கணத்தில் உடல் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு, அதாவது 120 முதல் 150 கிலோ வரை அந்தக் காலில் இறங்குகிறது. நிற்கும்போது மெத்தையாக இருக்கும் ஷூவின் அடி நுரை, அந்தப் பாரத்தில் முழுக்க அமுங்கிப்போகலாம். தடிமனாகவும் அடிப்பக்கம் குறுகலாகவும் இருந்தால் பக்கவாட்டில் ஆடவும் செய்யும். மென்மையான ஷூவே தவறு என்று அர்த்தமில்லை. லக்சம்பர்க்கில் 800-க்கும் மேற்பட்டோரிடம், பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த கெட்டியான ஷூவையும் மென்மையான ஷூவையும் கொடுத்துப் பார்த்த ஆய்வில், கெட்டியான ஷூ போட்டவர்களுக்குத்தான் காயம் அதிகம். நின்றபடி எடைபோடாதீர்கள், ஓடிப் பார்த்து எடைபோடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் காலை அளந்துகொள்ளுங்கள்

கல்லூரிக் காலத்துச் சைஸை மறந்துவிடுங்கள். வயது ஏற ஏறப் பாதத்தின் தசைநார்கள் தளரும். பிள்ளைப்பேறு முடிந்த பெண்கள் பலருக்குப் பாதம் நீண்டு அகன்று, வளைவு சற்று இறங்கி, அப்படியே நின்றுவிடும். கடைக்காரர் கண்ட "தட்டைப்பாதம்" ஒருவேளை இதுவாகவே இருக்கலாம். அதற்குப் பெரிய சைஸ்தான் தேவை.

மாலையில், ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு அளக்க வேண்டும். காலையில் அளந்தால் சில மில்லிமீட்டர் குறைவாகக் காட்டும். சுவரை ஒட்டித் தரையில் தாளை விரித்து, குதிகால் சுவரில் படும்படி, இரண்டு கால்களிலும் எடையைச் சமமாக வைத்து நில்லுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து நீளமான விரலின் நுனியில் வேறொருவர் கோடு போட வேண்டும். நீங்களே குனிந்து போட்டால் எடை முன்னே போய் அளவு மாறிவிடும். அடுத்து, பெருவிரல் அடி மூட்டின் வெளிவிளிம்புக்கும் சுண்டுவிரல் அடி மூட்டின் வெளிவிளிம்புக்கும் உள்ள அகலம். இரண்டு கால்களையும் அளந்து, பெரிய காலின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் மற்றதைவிட 3, 4 மி.மீ. நீளமாக இருப்பது சாதாரணம்.

ஷூவின் நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் நான்கைந்து எண்கள் இருக்கும். அதில் செ.மீ. எண்ணைப் பாருங்கள். இங்கே நாம் 5, 6 என்று சொல்வது இங்கிலாந்து அளவு. ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் 8.5 மி.மீ.; அரை சைஸுக்கு 4.2 மி.மீ. ஒரே 5 என்ற எண், நிறுவனத்துக்கு நிறுவனம் அரை செ.மீ. வரை மாறும். செ.மீ. எண் பொதுவாக, 'இந்த நீளப் பாதத்துக்கு' என்று சொல்வது. ஓடுவதற்கு உங்கள் பாத நீளத்தைவிட அரை செ.மீ. கூடுதலான எண்ணிலிருந்து போட்டுப் பார்க்கத் தொடங்குங்கள். பெரிய கால் 24 செ.மீ. என்றால் முதலில் 24.5, பிறகு 25.

அகலம்தான் நம் ஊரில் பெரிய சிக்கல். ஷூ வார்க்கும் அச்சுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களை வைத்து உருவானவை. அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கால்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கருடையதைவிட அகலம் என்று தெரியவந்தது. அதையொட்டித்தான் 'பா' என்ற இந்தியக் காலணி அளவுமுறையே முன்மொழியப்பட்டிருக்கிறது. பெண்களுக்கான மாடல்களோ இன்னும் குறுகலாக வருகின்றன. சில நிறுவனங்கள் ஒரே மாடலை அகல வகையிலும் செய்கின்றன. பெண்கள் வகையில் 'டி', ஆண்கள் வகையில் '2இ' என்று பெட்டியில் போட்டிருக்கும். அது கிடைக்காவிட்டால் ஆண்கள் மாடலில் உங்கள் செ.மீ. எண்ணைக் கேட்டுப் போட்டுப் பாருங்கள், கூச்சமே வேண்டாம். ஆண்கள் மாடலின் முன்பகுதி பெரும்பாலும் அகலமாக இருக்கும். குதிகாலும் கொஞ்சம் தொளதொளக்கும். அதை லேஸில் சரிசெய்யலாம்.

அகலம் போதவில்லை என்று நீளத்தைக் கூட்டுவதுதான் கடைகளில் நடக்கும் பெரிய தவறு. இரண்டு சைஸ் கூட்டினால் அகலம் சில மில்லிமீட்டர்தான் கூடும். ஆனால் ஷூ மடங்கும் இடம் உங்கள் விரல்கள் மடங்கும் இடத்தைத் தாண்டி முன்னே போய்விடும். வளைவுக்கு முட்டுக்கொடுக்க வேண்டிய மேடு தவறான இடத்தில் உறுத்தும். குதிகால் நழுவிக் கொப்புளம் வரும்.

போடுவதற்கு முன்

ஷூவைத் தட்டையான மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகாலின் நடுக்கோடு செங்குத்தாக நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருந்தால் ஒட்டும்போது ஏற்பட்ட குறை; எவ்வளவு விலை உயர்ந்த ஷூவிலும் இது நேரும். விரலால் தட்டிப் பார்த்தால் பக்கவாட்டில் ஆடக்கூடாது. இரண்டு ஷூக்களையும் அடுத்தடுத்து வைத்து, நுரையின் உயரமும் முன்நுனி வளைவும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

பிறகு கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். சுண்டுவிரல் மூட்டு வரும் இடம், குதிகாலின் மேல்விளிம்பு, நாக்கு தைத்திருக்கும் இடம் ஆகிய மூன்றிலும் தடித்த தையலோ பசைக்கட்டியோ தட்டுப்பட்டால் அங்கேதான் செருப்புக்கடி வரும். நாக்கின் இரு ஓரங்களும் உள்பக்கத்தோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தால் ஓடும்போது அது ஒரு பக்கமாக ஒதுங்காது.

குதிகாலைச் சுற்றியுள்ள கெட்டியான பகுதியை இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். ஓரளவு எதிர்ப்பு வேண்டும். மேல்விளிம்பு மட்டும் மெத்தென்று இருக்க வேண்டும்; அது கெட்டியாக உள்ளே வளைந்திருந்தால் குதிகால் தசைநாணை உரசும்.

முன்நுனியையும் குதிகாலையும் பிடித்து மடக்கினால், விரல்களின் அடி மூட்டு வரும் இடத்தில் மடங்க வேண்டும். நட்டநடுவில் ஒடிந்தாற்போல் மடங்குகிற ஷூ பாதத்தின் நடுப்பகுதிக்கு வேலை வைக்கும். தடித்த நுரையும் முன்னோக்கி உருளும் வளைந்த அடியும் கொண்ட புதிய மாடல்கள் அவ்வளவாக மடங்காது. அவை உருண்டு முன்னே தள்ளும்படி செய்யப்பட்டவை. அவற்றை மடக்கிப் பார்த்துக் குறைசொல்லக்கூடாது. துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பார்க்கும் சோதனையும் அப்படித்தான். முழுவதும் துவண்டு போகாமல் இருந்தால் போதும்.

இருப்பதிலேயே பயனுள்ள சோதனை இன்சோலை, அதாவது உள்ளட்டையை, கழற்றுவது. பெரும்பாலான ஷூக்களில் அது ஒட்டப்படாமல் சும்மா வைக்கப்பட்டிருக்கும். அதைத் தரையில் போட்டு, குதிகாலை அதன் குதிகாலில் பொருத்தி, முழு எடையோடு ஏறி நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. இடம், அதாவது கட்டைவிரல் அகலம், மிச்சம் இருக்க வேண்டும். பக்கங்களில் பாதம் இன்சோலைத் தாண்டி வழியக்கூடாது. ஓரிரு மி.மீ. வழிந்தால் மேல்துணி நெகிழ்ந்து இடம் கொடுக்கும். சுண்டுவிரலே பாதி வெளியில் நின்றால் அந்த மாடல் உங்களுக்கு இல்லை. எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் இல்லை. இன்று வீட்டில் இப்போதைய ஷூவின் இன்சோலை எடுத்து இதைச் செய்து பாருங்கள். நான் மேலே சொன்னது சரியா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த இன்சோலில் விரல் பதிந்த தடங்களும் இருக்கும். இரண்டாவது விரலின் தடம் விளிம்பைத் தொட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

போட்டபின்

இரண்டு கால்களிலும் போட்டு, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னே தள்ளிய பிறகு லேஸைக் கட்டுங்கள். லேஸ் ஓட்டைகளின் இரு வரிசைகளும் ஏறக்குறைய இணையாக நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் ஷூ உங்களுக்குப் பருமன் அதிகம். 'வி' போல விரிந்து நின்றால் போதவில்லை. நின்ற நிலையில் விரல்களைத் தூக்கி அசைக்க முடிய வேண்டும். முன்பாதத்தின் அகலமான இடத்தில் மேல்துணியை இரண்டு விரலால் கிள்ளினால் கொஞ்சம் துணி பிடிபட வேண்டும். தோல்போல் இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் குறுகல். குதிகால் லேசாக எழுவது பரவாயில்லை, நழுவி மேலேறக்கூடாது.

அதன்பின் ஓடுங்கள். கடையின் கார்ப்பெட்டில் நாலு எட்டு நடப்பதில் ஒன்றும் தெரியாது. டிரெட்மில்லிலோ, அனுமதித்தால் வெளியே நடைபாதையிலோ ஐந்து முதல் பத்து நிமிடம், உங்கள் வழக்கமான வேகத்தில். உடனே ஒரு தாளில் 10-க்கு எத்தனை என்று எழுதுங்கள்: குதிகாலில் தாங்குதல், முன்பாதத்தில் தாங்குதல், ஆடாமல் நிற்பது, விரல் பகுதியின் இடம், குதிகால் பிடிப்பு, உள்வளைவில் உறுத்தல் இல்லாமை. கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஐந்து அம்சங்களில் 9 வாங்கி ஒன்றில் 4 வாங்கிய ஷூவைவிட, எல்லாவற்றிலும் 7 வாங்கிய ஷூ மேல். அந்த ஒரு 4-தான் எட்டாவது கிலோமீட்டரில் உங்களை நிறுத்தும்.

இரண்டு மாடலுக்கு நடுவே தடுமாறினால் காலுக்கொன்றாகப் போட்டு நடந்து பார்த்து, பிறகு கால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். தனித்தனியாகப் போடும்போது தெரியாத வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அடியின் உயரம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால்தான் இது செல்லும்.

'போடப் போடச் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் அந்த ஷூவை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்தப் பேச்சு தோல் செருப்புக்கும் தோல் ஷூவுக்கும் சரி. தோல் இளகி காலின் வடிவத்துக்கு வரும். இப்போதைய வலைத்துணியும் அதன்மேல் உருக்கி ஒட்டிய பட்டைகளும் அப்படி இளகாது. நுரையின் விறைப்பு முதல் சில ஓட்டங்களில் கொஞ்சம் குறையலாம். ஆனால் உள்ளே இடம் அதிகமாகாது.

பெட்டியில் எழுதியிருப்பவற்றில் எதைப் பொருட்படுத்துவது?

டிராப் என்று ஒரு எண் இருக்கும். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் அது; 0 முதல் 12 மி.மீ. வரை வரும். டிராப் குறையக் குறைய வேலை கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் போகிறது. கூடினால் முழங்கால் பக்கம் சாய்கிறது. உங்களுக்கு இரண்டிலும் வலி இல்லாததால் இப்போதைய ஷூவில் எவ்வளவோ அதையொட்டியே வாங்குங்கள். 4 மி.மீ.க்கு மேல் மாறுகிறது என்றால் மூன்று, நான்கு வாரம் பழைய ஷூவோடு மாற்றி மாற்றிப் போட்டுப் பழக வேண்டும்.

நுரையின் பெயர்கள் நிறுவனத்துக்கு ஒன்று. உள்ளே இருப்பவை பெரும்பாலும் மூன்று வகை. இ.வி.ஏ. மலிவு, எடை குறைவு, நாளாக ஆகத் தட்டையாகும். டி.பி.யு. கனம், நீண்ட நாள் உழைக்கும். பீபா துள்ளும், மிகவும் லேசு, விலை அதிகம். வாரம் 20 கி.மீ. ஓடுகிறவருக்கு நல்ல இ.வி.ஏ. போதும். கார்பன் தகடு வைத்த ஷூ இப்போது தேவையில்லை. அது வேகமாக ஓடுகிறவர்களுக்கு ஆற்றலை மிச்சப்படுத்தவென்று வந்தது, உயரமாகவும் பக்கவாட்டில் ஆடும்படியும் இருக்கும். எடையைப் பற்றியும் கவலை வேண்டாம். ஒரு ஷூவுக்கு 100 கிராம் கூடினால் ஆற்றல் செலவு ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் கூடுகிறது. இரண்டு மாடலுக்கு நடுவே இருக்கும் 20, 30 கிராமுக்காக அகலத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடியில் ஒட்டியிருக்கும் ரப்பரைப் பாருங்கள். குதிகாலின் வெளிவிளிம்பிலும் பெருவிரலின் கீழும் ரப்பர் இருந்தாக வேண்டும்; அங்கேதான் முதலில் தேயும். வெறும் நுரை தரையில் படும் மாடல்கள் நம் ஜல்லிச் சாலையில் சீக்கிரம் பிய்ந்துபோகும். மேல்துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் துளைகள் தெரிய வேண்டும். நெல்லை வெயிலில் காற்றுப் போகாத துணி பாதத்தை ஊறவைத்துவிடும். ஊறிய தோல்தான் எளிதில் கொப்புளிக்கும். பருத்தி சாக்ஸும் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நைலான் அல்லது பாலியெஸ்டர் கலந்த ஓட்டச் சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்கிவிடுங்கள்.

கையில் இருக்கும் ஷூவை என்ன செய்வது?

நான்கு மாதத்தில் அது 340 கி.மீ. போல ஓடியிருக்கும். பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை ஒரு ஜோடி தாங்கும் என்பதால் ஏறக்குறைய பாதி ஆயுள் மிச்சம் இருக்கலாம். இன்சோல் சோதனையில் நீளம் 6, 7 மி.மீ.யாவது இருந்தால் லேஸை மாற்றிக் கட்டி, 4 கி.மீ.க்குள் முடிகிற ஓட்டங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மரப்புக்கு: விரல்களுக்கு அருகில் இருக்கும் முதல் ஜோடி ஓட்டைகளை விட்டுவிட்டு, இரண்டாவதிலிருந்து லேஸைத் தொடங்குங்கள். முன்பாதம் அகல இடம் கிடைக்கும். பாதத்தின் மேற்புறம் எங்காவது அழுந்தினால் அந்த இடத்தில் மட்டும் குறுக்கே போகாமல், அதே பக்கத்து ஓட்டையிலிருந்து நேராக மேலே ஏற்றிவிடுங்கள். நகம் முட்டுவதற்கு: கணுக்காலுக்கு அருகில் சும்மா கிடக்கும் கடைசி ஓட்டை அதற்குத்தான் இருக்கிறது. லேஸை அதே பக்கத்துக் கடைசி ஓட்டையில் வெளியிலிருந்து உள்ளே விட்டால் ஒரு சிறு வளையம் கிடைக்கும். இரண்டு பக்கமும் வளையம் செய்து, எதிர்ப்பக்க வளையத்தில் லேஸை நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். குதிகால் பின்னே பூட்டிக்கொள்ளும். பாதம் முன்னே சறுக்காது. கீழே தளர்வும் மேலே பிடிப்பும் இருக்க வேண்டும். பலர் முழு வரிசையையும் ஒரே இறுக்கத்தில் கட்டுவதால்தான் விரல் மரத்துப்போகிறது. நீளம் 5 மி.மீ.கூட இல்லையென்றால் எந்தக் கட்டும் உதவாது. அந்த ஜோடியை ஓட்டத்துக்குப் போடாதீர்கள்.

புது ஷூ வந்ததும் முதல் வாரம் 2, 3 கி.மீ. மட்டும். வசதி இருந்தால் பழையதையும் கூடவே வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றிப் போடுகிறவர்களுக்குக் காயம் குறைவு என்று லக்சம்பர்க் ஆய்வாளர்கள் 2015-இல் கண்டார்கள். வியர்வை காயவும் நேரம் கிடைக்கும். வண்டி சீட்டுக்கடியில் வெயிலில் பூட்டி வைக்காதீர்கள். சூட்டில் பசை விட்டுப்போகும். மழையில் நனைந்தால் இன்சோலை எடுத்துவிட்டுச் செய்தித்தாளை உள்ளே திணித்து நிழலில் காயவிடுங்கள்.

கறுத்த நகத்தைப் பிடுங்க வேண்டாம். நகங்களை நேராகவும் குட்டையாகவும் வெட்டுங்கள். பழைய நகம் வளர்ந்து வெளியேற ஓராண்டுகூட ஆகலாம். நகத்தடியில் துடிப்போடு வலி, சீழ், அல்லது முட்டாத விரலிலும் கறுங்கோடு தென்பட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போதிய அகலமுள்ள ஷூவுக்கு மாறி மூன்று வாரம் ஆன பிறகும் மரப்பு தொடர்ந்தாலோ, வெறுங்காலில் நடக்கும்போதே மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே எரிச்சலோ மின்சாரம் பாய்வதுபோன்ற வலியோ வந்தாலோ எலும்பு மருத்துவரைப் பார்த்து நரம்பைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை இரத்தச் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள், கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்திருந்தால் கட்டாயம். சர்க்கரையால் பாதத்தின் உணர்வு மங்கியவர்களுக்கு ஷூ இதமாக இருக்கிறதா என்று கால் சரியாகச் சொல்லாது. அப்படிப்பட்டவர்கள் இன்சோல் அளவையும் அளவு நாடாவையும்தான் நம்ப வேண்டும். ஓடி வந்ததும் தினமும் பாதத்தைத் திருப்பி, விரலிடுக்கு உட்பட, கண்ணால் பார்த்துவிட வேண்டும்.